கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்கள் நகரங்களான வரலாறு

உத்தமபாளையத்தை அடுத்துள்ள கருப்பணசாமி பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. திருக்குணகிரி எனப் பண்டு வழங்கிய இக்குன்றில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாண்டிய நாடெங்கும் அறம் பரப்பிய அச்சணந்தி முனிவரின் பெயர் இங்கும் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறவோர் இவ்விடத்தைத் தேர்ந்தது தனிமையை மட்டும் நாடியன்று. துறவியர் இல்லறத்தார் அளிக்கும் ஆகாரதானத்தைச் சார்ந்து வாழ்வோர். ஆகவே சிராவகர் வாழும் ஊர்களும் வணிகர் நடமாடும் பெருவழியும் பள்ளிக்கு அருகில் இருத்தல் வேண்டும். மதுரைக்கு அருகேயுள்ள மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் என்னும் வணிகக் குழுவினர் கொடையாளராக நிற்பதும் இத்தொடர்பையே காட்டும். மதுரையையும் மேற்குமலைக் கணவாய்களையும் இணைத்த இப்பள்ளத்தாக்கு பண்டே வழியோர நாடாக இருந்தது.

அந்த நாடு இன்று நகரங்கள் செறிந்த நாடாக விளங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். அவ்வாண்டில் தமிழக நகரவாசிகளின் பங்கு 48 விழுக்காடு. இந்தியாவின் பங்கு 31 விழுக்காடு. மலைக்கு அப்பாலுள்ள இடுக்கி மாவட்டத்திலோ அது 5 விழுக்காட்டையும் எட்டவில்லை. கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 15 விழுக்காடு. திருவண்ணாமலை மாவட்டத்தில் 20 விழுக்காடு. பெருந்தொழிற்சாலைகளோ துறைமுகமோ இல்லாத தேனி முந்தியதும், தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழும் வடமாவட்டங்கள் பிந்தியதும் ஏன்?

முதற்காரணம் நீர். மழை மறைவில் அமைந்த இப்பள்ளத்தாக்கில் வேளாண்மை நெடுங்காலம் நிலையற்றதாகவே இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின்னர், மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் உறுதிபெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்பாடு ஏற்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணைப்பணி 1895இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கிய நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. ஆண்டு முழுவதும் உழவு நடந்தால் ஆண்டு முழுவதும் கூலி கிடைக்கும்; கூலி உள்ள இடத்தில் கடையும் சந்தையும் நிலைக்கும். மேலும், நீர் பாயும் நிலம் இருபுறமும் மலைகளால் வரையறுக்கப்பட்டதாதலின் ஊர்கள் பரவாமல் ஒரே சாலையோரம் நெருங்கி வளர்ந்தன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என அவை மாலைபோல் தொடர்கின்றன.

இரண்டாம் காரணம் மலை. ஏலமும் தேயிலையும் மிளகும் மலைமேல் விளைகின்றன. ஆயினும் தோட்டநிலம் பெரிய உடைமைகளாக இருந்தமையாலும், குடியிருப்புகள் சரிவுகளில் சிதறிக் கிடந்தமையாலும் அங்கு நகரங்கள் எளிதில் தோன்றவில்லை. விளைபொருளை வாங்கும் வணிகரும், அதனைக் காக்கும் கிடங்கும், தொழிலாளர்க்கு அரிசி அனுப்பும் மண்டியும் அடிவாரத்தில் அமைந்தன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளும் இப்பள்ளத்தாக்கிலேயே இறங்குகின்றன. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் தலைமையிடமாயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது. ஒரே பொருளாதாரத்தின் விளைநிலம் ஒரு மாவட்டத்திலும் நகரம் மறு மாவட்டத்திலும் அமைந்தமையால், எண்கள் இவ்வளவு வேறுபட்டு நிற்கின்றன.

மூன்றாம் காரணம் அரசின் வரையறை. நகராட்சி, பேரூராட்சி என அரசு அறிவித்த ஊர் கணக்கெடுப்பில் நகரமாகவே கொள்ளப்படும். ஏனைய ஊர்கள் 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் செறிவு, ஆண் தொழிலாளரில் நான்கில் மூவர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றையும் நிறைவு செய்தல் வேண்டும். தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் திராட்சைத் தோட்டமும் நெல்வயலும் வீட்டு வாசலுக்கு அண்மையிலேயே உள்ளன. மறுபுறம், வணிகம் மிகுந்த கட்டப்பனை 2015இல்தான் நகராட்சியாயிற்று. 2011 கணக்கில் அது சிற்றூரே. ஆதலின் விழுக்காட்டின் ஒரு பகுதி வாழ்க்கையைக் காட்டுவது. மற்றொரு பகுதி ஆணையைக் காட்டுவது.

இனி வடமாவட்டங்களை நோக்கலாம். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டங்களில் பாசனம் பெரிதும் ஏரியையும் கிணற்றையும் நம்பியது. ஒவ்வோர் ஊருக்கும் தன் ஏரி உண்டு; ஆகவே மக்கள் ஓரிடத்தில் திரளாமல் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் பரவி வாழ்ந்தனர். அவ்வூர்களின் நடுவே ஜினாலயங்கள் எழுந்ததும் இதனாலேயே. மேல்சித்தாமூர் திருமடம் இத்தகைய சிற்றூர்ச் சூழலிலேயே நிலைபெற்றது. ஆனால் கல்வியும் அலுவலும் நாடிய தலைமுறைக்கு அருகில் வளர்ந்த நகரம் போதவில்லை; சென்னை சில மணி நேரத் தொலைவில் இருந்து ஈர்த்தது. கம்பத்து உழவர் மகன் காலையில் தேனிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பலாம். வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் மகன் சென்னைக்குச் சென்றால் பெரும்பாலும் அங்கேயே குடியேறுகிறான். ஊர் நகரமாகவில்லை, ஊரார் நகரத்தாராயினர்.

இதன் விளைவை ஆலயங்களே அறியும். நித்திய பூசைக்கு ஆள் குறைந்த ஜினாலயங்கள் வடமாவட்டச் சிற்றூர்களில் உண்டு. திருக்குணகிரியின் நிலை இதற்கும் அப்பாற்பட்டது. அங்கு அடிவாரத்தில் நகரம் வளர்ந்தது, சிற்பங்களும் நிலைத்தன, வணங்கும் சிராவகர் மட்டும் இலராயினர். நகரம் வளர்வதாலேயே அறம் நிலைப்பதில்லை. சிற்றூர் சிறுத்தே நிற்பதாலேயே அது அழிவதுமில்லை. ஊரைவிட்டுச் சென்றோர் திருவிழாவுக்கேனும் மீண்டு வந்து விளக்கேற்றும் வரை அவ்வூர் ஆலயத்திற்குச் சிராவகர் உண்டு.