அசல் ஏறிய கடன்

வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சம்பளச் சான்று, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் பார்க்காமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அமெரிக்காவின் கண்ட்ரிவைட் நிறுவனத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதன் தலைவராக இருந்த ஏஞ்சலோ மொசிலோ, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1938இல் பிறந்தவர். அப்பா இறைச்சிக் கடைக்காரர். 1969இல் டேவிட் லோப் என்பவரோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியாவுக்குப் போய், நாட்டிலேயே மிகப் பெரிய வீட்டுக்கடன் நிறுவனமாக அதை வளர்த்தார். ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் சொந்த வீடு வேண்டும் என்று 2003இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சார்பில் நடந்த சொற்பொழிவில் உரையாற்றினார். அந்த ஆசை உண்மையானது என்றே நம்புகிறேன். அதனாலேயே பிறகு நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் விற்ற ஒரு கடனைப் பாருங்கள். மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்பதைக் கடன் வாங்கியவரே தீர்மானிக்கலாம். 3 லட்சம் டாலர் கடன், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி மட்டுமே 1,750 டாலர். ஆனால் ஒரு சதவீத அறிமுக வட்டியில் கணக்கிட்ட குறைந்தபட்சத் தவணை சுமார் 965 டாலர்தான். பாக்கி 785 டாலரை அசலோடு சேர்த்துவிடுவார்கள். தவணை தவறாமல் கட்டுகிறவருக்கும் கடன் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாண்டு முடிந்ததும், அல்லது கடன் தொடக்க அசலில் 115 சதவீதத்தைத் தொட்டதும், தவணையைத் திருத்துவார்கள். அப்போது மாதம் 2,400 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். வீட்டு விலை ஏறிக்கொண்டிருக்கும்வரை வேறு கடன் வாங்கி இதை அடைக்கலாம். விலை இறங்கினால் ஜப்திதான்.

மொசிலோவுக்கு இது தெரியாமல் இல்லை. வீட்டின் முழு விலைக்கும் கடன் கொடுக்கும் இன்னொரு திட்டத்தை, தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததிலேயே மிகவும் நச்சானது என்று 2006 ஏப்ரலில் சக அதிகாரிகளுக்கு மின்னஞ்சலில் எழுதினார். மேலே சொன்ன கடன் எப்படிப் போகும் என்று கணிக்கவே வழியில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் எழுதினார். முதலீட்டாளர்களிடமோ கடன்கள் தரமானவை என்றே பேசினார். 2006 நவம்பர் தொடங்கி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 14 கோடி டாலருக்குத் தன் பங்குகளை விற்றார் என்பது பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. கீழே உள்ள அதிகாரி ஒருவர் என்றால், கோப்பு வந்து சேரவில்லை, தெரியாது என்று சொல்லலாம். மொசிலோவோ தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்!

2008இல் நிறுவனம் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கைக்குப் போனது. 2009இல் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2010 அக்டோபரில், விசாரணை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 6.75 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். அதில் 2 கோடியை நிறுவனமே கட்டியது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் எதிலும் இனி உயர்பதவி வகிக்க முடியாதபடி தடை விழுந்தது. குற்றவியல் விசாரணையை 2011இல் கைவிட்டார்கள். சிறை வாசலையே மிதிக்காமல் 2023இல் காலமானார்.

2011 டிசம்பரில் அமெரிக்க அரசின் நீதித் துறையோடு இன்னொரு சமரசம்; இதைச் செய்தது கண்ட்ரிவைடை வாங்கிய பேங்க் ஆஃப் அமெரிக்கா. தகுதியிருந்தும் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் 2 லட்சம் பேருக்கு மேல் கண்ட்ரிவைடில் கூடுதல் கட்டணமோ மோசமான கடனோ பெற்றார்கள் என்பது அந்த வழக்கு. 2003 சொற்பொழிவில் மொசிலோ யாருக்காகப் பேசினாரோ, அதே மக்கள். இழப்பீடு 33.5 கோடி டாலர். தலைக்குச் சராசரி 1,700 டாலர்கூட வராது. திருத்திய தவணையில் ஒரு மாதத்துக்கே அது போதாது.