கான்கார்டும் கிண்டியும்: மெரிட் விளையும் இரண்டு வளாகங்கள்

ஏழைகளைப் பற்றிச் சமூகவியலாளர்கள் எழுதிக் குவித்த அளவுக்கு வசதி படைத்தவர்களைப் பற்றி எழுதியதில்லை. குடிசைப் பகுதிக்குள் நோட்டும் கையுமாக நுழைந்தால் கேட்பார் இல்லை. பங்களா வாசலிலோ காவலாளி நிற்பார். மேலே இருப்பவர்களையும் ஆராயுங்கள் என்று அமெரிக்க மானுடவியலாளர் லாரா நாடெர் 1972இலேயே சக ஆய்வாளர்களைக் கேட்டுக்கொண்டார். பிற்காலத்தில் அந்த வழியில் வந்த நூல்களில் இரண்டை அருகருகே வைத்துப் படிக்கலாம்: ஷாமஸ் கான் எழுதிய ‘பிரிவிலேஜ்’ (2011), அஜந்தா சுப்ரமணியன் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ (2019). முதலாவதன் களம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்டு நகரில் 1856இல் தொடங்கிய செயின்ட் பால்ஸ் உறைவிடப் பள்ளி. இரண்டாவதன் களம், கிண்டியில் இருக்கும் நம் சென்னை ஐஐடி. கான் சமூகவியலாளர், சுப்ரமணியன் மானுடவியலாளர். ஆனாலும் இருவரையும் குடைகிற கேள்வி ஒன்றுதான்: பிறப்பால் வந்த வசதி எப்படிச் சொந்த உழைப்பின் பலனாக வேடம் மாறுகிறது?

கான் அந்தப் பள்ளியின் பழைய மாணவர். பாகிஸ்தான் கிராமத்திலிருந்து வந்து அறுவை மருத்துவரான அப்பா, அயர்லாந்துக்கார அம்மா. படித்து முடித்துப் போனவர், 2004இல் அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி, ஓராண்டு அங்கேயே தங்கிப் பிள்ளைகளைக் கவனித்தார். அவர் கண்ணில் பட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். தேவாலயத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வகுப்பு வரிசைப்படி நடக்கும். வகுப்பு ஏற ஏற இடமும் மாறும். கோட்டும் டையுமாக ஆசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடும் முறையான இரவு உணவும் உண்டு. முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பெரிய மனிதர்களோடு கூச்சமின்றிப் பேசவும், இதெல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருக்கவும் அந்த மேசைதான் பழக்குகிறது. வகுப்பறையிலும் அப்படித்தான். பழங்கால ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’பையும் ‘ஜாஸ்’ சுறாப் படத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிட்டுப் பேசுவார்கள். உயர்ந்தது தாழ்ந்தது பாராமல் எதையும் ரசிப்பதே புது மேட்டுக்குடியின் அடையாளம் என்கிறார் கான். அவர் கணக்கில் அந்தப் பள்ளி விற்கும் சரக்கு இந்த அலட்டிக்கொள்ளாத தன்மைதான்.

தலைமுறை தலைமுறையாக அங்கேயே படித்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் பெருமையைக் காட்டிக்கொண்டால், மற்றப் பிள்ளைகளே அவனை ஒதுக்குகிறார்கள். ‘நான் உழைத்து வந்தேன்’ என்று சொல்வதே அங்கே நாகரிகம். நன்றாகப் படிக்கும் கறுப்பின மாணவர்களில் சிலருக்கு, இந்த இயல்பு வெறும் நடிப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துவிட்டதாலேயே அது அவர்கள் உடம்பில் ஒட்டுவதில்லை. புத்தகத்தின் மிகக் கூர்மையான பகுதி இதுதான் என்பேன்.

கிண்டிக்கு வந்தால் காட்சி வேறு. இங்கே கூச்சம் பிரச்சினை இல்லை. உடை, மேசைப் பழக்கம் எதையும் யாரும் பார்ப்பதில்லை. நுழைவுத் தேர்வின் அகில இந்திய ரேங்க் என்ற ஒற்றை எண் போதும். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய இந்த நிறுவனம் மத்திய அரசின் கீழ் வந்ததால், மாநிலத்தின் இடஒதுக்கீடு உள்ளே நுழையவில்லை. 1973இல்தான் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கினார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதம் 2008இல் வந்தது. நீதிக்கட்சி காலத்து வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணையும், 1951இல் அதை உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கிய செண்பகம் துரைராஜன் வழக்கும் நினைவிருப்பவர்களுக்கு இந்தத் தாமதத்தின் கனம் புரியும். மற்ற ஊர்களில் உயர்சாதியார் ‘எங்களுக்குச் சாதியே இல்லை’ என்று இருந்துவிடலாம். திராவிட இயக்கம் வேரோடிய சென்னையில் அது முடியாது. பிராமணர் என்ற அடையாளத்தோடு நின்றுதான் மெரிட்டைக் கோர வேண்டியிருந்தது என்பது சுப்ரமணியனின் வாதம்.

எண் என்றால் யாருக்கும் பொது என்று நினைப்போம். அந்த எண்ணுக்குள்ளேயே தரம் பிரித்ததை அவர் காட்டுகிறார். பயிற்சி மையங்கள் பெருகி, ஆந்திரத்துப் பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கியதும், ‘இயல்பான மூளை’ வேறு, ‘கோச்சிங்கில் தேறிய மூளை’ வேறு என்ற பேச்சு கிளம்பியது. சென்னை பிரில்லியண்ட் டுடோரியல்ஸின் தபால் பாடங்களைக் கரைத்துக் குடித்த தலைமுறையும் இங்கே உண்டு என்பதை அந்தப் பேச்சில் யாரும் நினைவுபடுத்திக்கொள்வதில்லை!

ஆக, ஒன்றில் நடை உடை பாவனை, மற்றதில் ரேங்க். அமெரிக்கா ஏன் முதலாவதைப் பிடித்துக்கொண்டது என்பதற்குக் கானிடம் இல்லாத விடை அமெரிக்கச் சமூகவியலாளர் ஜெரோம் கரபெலிடம் கிடைக்கிறது. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் யூத மாணவர்கள் நிறைந்துவிடுகிறார்கள் என்று 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் ‘குணநலன்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தன. அங்கே தேர்வு வெளியாரை உள்ளே விட்டது, நேர்காணல் தடுத்தது. இங்கே உள்ளே இருப்பவர்களுக்குத் தேர்வே அரணானது. தேர்வு நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாக வாதாடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கானின் புத்தகம் வாசிக்கச் சுவையானது. ஆனால் பள்ளி மதிலைத் தாண்டுவதே அபூர்வம். அந்தக் குடும்பங்களின் பணம் எங்கிருந்து வந்தது என்பது புகைமூட்டமாகவே நிற்கிறது. சுப்ரமணியன் காலனி ஆட்சியின் பொறியியல் கல்வியில் தொடங்கி, 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வழியாகச் சிலிக்கான் பள்ளத்தாக்கு வரை போகிறார். மக்கள் வரிப்பணத்தில் படித்தவர்கள் அங்கே சொந்தக் காலில் நின்று வென்ற தொழில்முனைவோராக அறிமுகமாவதைக் காட்டுகிறார். ஹாஸ்டல் மெஸ்ஸும் ஆய்வுக்கூடமும் மட்டும் அவர் புத்தகத்தில் மங்கலாகத்தான் தெரிகின்றன. பெரும்பாலும் பழைய மாணவர்களின் நினைவுகளை நம்பியிருக்கிறார். அறுபது வயதில் சொல்லும் கல்லூரிக் கதை சொல்பவருக்கு எப்போதும் சாதகமாகவே இருக்கும்.

இருந்தாலும் எடை போட்டால் சுப்ரமணியன் பக்கமே தட்டு தாழ்கிறது. ‘நாங்கள் சாதாரண மிடில் கிளாஸ்’ என்று அந்தப் பழைய மாணவர்கள் சொல்லும்போது, வர்க்கம் என்ற அந்த அடக்கமான பதிலை ஏற்றுக்கொண்டு அவர் நகர்ந்துவிடவில்லை. அரசு வேலையில் இருந்த அப்பாவும் ஆங்கிலம் புழங்கிய வீடும் எந்தச் சாதிகளுக்கு முதலில் வாய்த்தன என்று கேட்கிறார்.

தலைப்புத் தேடும் நம் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பேட்டி கண்டது போதும். பொதுப்பிரிவில் வந்தவர்களின் விடுதி அறைக் கதவையும் தட்டுங்கள். கானைப் போல ஓராண்டாவது அங்கேயே இருந்து பாருங்கள்.