நீலப்பல் ராஜாவும் விட்டுவிட்டு வந்த என் குரலும்



கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறும் இருக்கிறது, வீட்டு ரிப்பேரும் இருக்கிறது, கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஐந்து நாள், மாலை 7 மணிக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். ஒரே ஒரு மாணவிதான். பள்ளியில் என்னிடம் படித்தவள். பார்வை கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறாள். நான் லேப்டாப்பில் பாடத்தை வாசித்து விளக்குவேன். அவள் ஊரில் இருந்தபடி போனில் கேட்டு, பிரெய்ல் பலகையில் குறிப்பு எடுப்பாள்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மகன் ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கித் தந்தான். காதுக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரே கருவி. வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பேசுவது எனக்கு விட்டுவிட்டுக் கேட்கும். நெட் சரியில்லை, அவள் ஊரில் டவர் சரியில்லை என்று நானாக ஒரு முடிவு கட்டிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சிறு தேர்வு வைத்தேன். வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்று கேட்டேன். 1801 என்றாள். மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் எந்த ஆண்டு என்றதற்கு 1806 என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைக்கூடவா மாத்திச் சொல்லுவே? கவனமே இல்லையேம்மா" என்று கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஆயிரத்து எண்ணூத்தி வரைக்கும் கேட்டுச்சு. கடைசிச் சொல்லு விழல. ஒண்ணா ஆறான்னு நானே யூகிச்சு எழுதிட்டேன். அடிக்கடி திரும்பக் கேட்டா நீங்க சலிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணால் படிக்க முடிகிறவர்கள் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். என் பாடத்தைப் பொறுத்தவரை அவளுக்குக் காதுதான் புத்தகம். அந்தப் புத்தகத்தில் எழுத்துகளை அழித்துவிட்டு அவளையே திட்டியிருக்கிறேன்.

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். ஒரு விஷயம் கெட்டுப்போனால் எங்கே, எப்போது, ஏன் என்று தேடுவதுதான் பழக்கம். தேடினேன். அந்தத் தேடல் என்னை எங்கெங்கோ கூட்டிப்போனது.

முதலில் பெயர். புளூடூத் என்றால் நீலப்பல். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப்பெயர் அது. நமக்குப் புரியும்படி சொன்னால், தஞ்சையில் ராஜராஜன் 985-ல் முடிசூடிய காலத்தில் அங்கே ஹரால்டின் ஆட்சி முடியும் தறுவாயில் இருந்தது. டென்மார்க் முழுவதையும் தன் கீழ் கொண்டுவந்ததாக அவன் நட்ட கல்வெட்டு யெல்லிங் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது. 1990-களில் கம்ப்யூட்டரையும் கைப்பேசியையும் வயர் இல்லாமல் இணைக்க முயன்ற பொறியாளர்களில் ஒருவர், இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்த மன்னன் பெயர் பொருத்தமாக இருக்கும் என்று தற்காலிகமாக வைத்தார். வேறு பெயர்கள் ஒத்துவராமல் அதுவே நிலைத்துவிட்டது. அந்த நீலச் சின்னத்தில் இருப்பது மன்னன் பெயரின் முதல் எழுத்துகள், பழைய ரூன் எழுத்து வடிவில்.

தொழில்நுட்பத்தின் வேலை 1994-ல் ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் அதில் முக்கியமானவர். 1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின.

இதெல்லாம் சரி, குரல் ஏன் விட்டுவிட்டு வருகிறது? அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

1945. அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிகளோடு வேலை செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், தன் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியிருப்பதைக் கவனித்தார். மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் பிறந்தது. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 300 கிலோவுக்கு மேல் எடை. அதே 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அதில் ஒன்று. செய்தித் தொடர்புக்காரர்கள் இங்கே வந்தால் இந்தக் கருவிகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்கு வெளியே விடப்பட்ட புறம்போக்கு நிலம் மாதிரி.

1985-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்தப் புறம்போக்கைத் திறந்துவிட்டது. குறைந்த சக்தியில், சிக்னலைப் பரப்பி அனுப்புகிறவர்கள் லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம் என்றது. நம் நாட்டில் 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் விலக்கு விதிகள் வந்தன. என் சின்ன வயதில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். இன்று ஒலிபரப்புகிற கருவியையே காதில் மாட்டிக்கொண்டு திரிகிறோம், யாரும் கேட்பதில்லை.

இலவச நிலம் என்றால் எல்லாரும் குடிசை போடுவார்கள் அல்லவா? 1997-ல் வைஃபையின் முதல் விதிமுறை வந்தது, இதே இடத்தில். அடுத்து புளூடூத், இதே இடத்தில். வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே இடத்தில். என் லேப்டாப் இருக்கும் அறையில் இவை அத்தனையும் உண்டு.

இந்த நெரிசலில் புளூடூத் பிழைப்பது ஒரு தந்திரத்தால். 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்கள். எதிலும் நிலையாக நிற்காமல் நொடிக்கு 1600 முறை தடம் மாறும். பாண்டி விளையாடுவது போல. ஒரு கட்டத்தில் யாராவது நின்றால் அடுத்ததில் பேசிவிடும்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு செய்தியைத் திருத்த வேண்டும். "புளூடூத்தைக் கண்டுபிடித்த நடிகை" என்று ஹெடி லமாரைப் பற்றி வரும். வியன்னாவில் பிறந்த ஹாலிவுட் நடிகை அவர். எதிரி இடைமறிக்க முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை ரேடியோவால் இயக்க, ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து ஒரு வழி கண்டார். துளையிட்ட காகிதச் சுருளால் தானே வாசிக்கும் பியானோவைப் போல, அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் ஒரே சமயத்தில் அலைவரிசை மாற வேண்டும். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்டு 11-ல் காப்புரிமை கிடைத்தது. கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. தாவும் யோசனை அவருக்கு முன்பும் சிலரிடம் இருந்தது. புளூடூத்தை உருவாக்கியவர்கள் வேறு. ஆனாலும் ஒரு நடிகைக்கும் இசைக்காரருக்கும் இந்த யோசனை வந்து அதை முறையாகப் பதிவும் செய்தார்கள் என்பது உண்மை. அந்தப் பெருமையே போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

தாவும் தந்திரத்துக்கும் எல்லை உண்டு. ஒரு வைஃபை தடம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதாவது 79-ல் கால்வாசியை விழுங்கிவிடும். 2003-ல் வந்த புளூடூத் 1.2, நெரிசலான தடங்களைக் கண்டு ஒதுக்கித் தாவக் கற்றுக்கொண்டது. ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளும் சேர்ந்தால் ஒதுங்கவும் இடம் இருக்காது. பாட்டுக் கேட்கும்போது ஹெட்போன் கொஞ்சம் ஒலியைச் சேமித்து வைத்திருக்கும். இடையில் ஒரு துண்டு தவறினால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரடிப் பேச்சில் காத்திருக்க நேரம் மிகக் குறைவு. தவறியது தவறியதுதான். அப்படித் தவறிய துண்டுதான் என் மாணவியின் "ஆறு".

இனி என் வீட்டு ஆராய்ச்சி. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

முதலில் பழைய வயர் ஹெட்போனைச் சொருகி அவளை அழைத்தேன். அரை மணி நேரம் பேசியும் ஒரு சொல்கூட விடவில்லை. ஆக நெட் மேலும் குற்றமில்லை, அவள் டவர் மேலும் குற்றமில்லை. இத்தனை நாள் வீண் பழி.

இரண்டாவது, வைஃபையை அணைத்து, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கையும் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்த ஓர் உரையை வயர்லெஸ் ஹெட்போனில் கேட்டேன். சுத்தமாக வந்தது. ஹெட்போனும் பழுதில்லை.

மூன்றாவது, வைஃபையை மட்டும் போட்டு ஒரு வீடியோ ஓடவிட்டேன். திக்கல் ஆரம்பித்தது. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே அட்டைதான், பல சமயம் ஆன்டெனாவும் பொது. ஒரே குழாயில் இரண்டு குடம் பிடிப்பது போல முறை வைத்துத்தான் ஓட வேண்டும். எங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வைஃபை பெயர் இருந்தது. லேப்டாப்பை அதற்கு மாற்றினேன். முக்கால்வாசித் திக்கல் போய்விட்டது.

நான்காவது, பாடங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்கைச் சொருகிப் பக்கங்களைத் திறந்தேன். மறுபடி திக்கல்! யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் எழுப்பும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை சொல்லியிருக்கிறது. வகுப்புக்கு நான் பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் என் குரலை நானே நறுக்கியிருக்கிறேன். நீளமான கேபிள் போட்டு டிஸ்கை மேஜையின் மறுமுனைக்குத் தள்ளினேன். நின்றது.

ஐந்தாவது, ஏழரை மணி வாக்கில் மட்டும் ஒரு நிமிடம் கரகரத்தது. எழுந்து போய்ப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள் மைக்ரோவேவில் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். "மாமா, ஏழு மணிக்கு முன்னாடியே பண்ணிடறேன்" என்றாள். பெர்சி ஸ்பென்சரின் மிட்டாய் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கடைசியாகக் கண்டதுதான் முக்கியம். ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும்போது புளூடூத் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்ற முறைக்கு மாறிவிடுகிறது. அதன் பழைய வகையில் ஒலியின் மாதிரிகள் நொடிக்கு 8000 மட்டும். இசை சிடியில் 44,100. அந்தக் கால டெலிபோன் குரல் போலத் தட்டையாக இருக்கும். அதனால் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன், கேட்பதற்கு மட்டும் ஹெட்போன். இப்போது என் குரல் புளூடூத் வழியாகப் போவதே இல்லை. நாளைக்கு ஹெட்போன் திக்கினாலும் பாதிப்பு என் காதோடு நிற்கும், அவள் குறிப்பில் ஏறாது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

இதே தொல்லை உள்ளவர்கள் இந்த வரிசையிலேயே பாருங்கள். பிறகும் தீராவிட்டால் ஹெட்போன் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துப் பாருங்கள். சார்ஜைச் சேமிக்க லேப்டாப் புளூடூத்தை உறங்க வைக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் முடிந்த அன்று அவளை அழைத்து, "தப்பு என் மேலதாம்மா, ஐயாவை மன்னிச்சுக்கோ" என்றேன். "ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் வேணாங்கய்யா" என்று பதறினாள். பழைய பாடங்களில் இருந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஒன்பது இடத்தில் யூகம் இருந்தது. அந்தப் பக்கங்களைப் புதிதாகவே எழுதினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஒரு புது வழக்கம். ஆண்டு வரும்போதெல்லாம் நான் இரண்டு முறை சொல்வேன், அவள் ஒரு முறை திருப்பிச் சொல்வாள். நேற்று ஓர் இடத்தில் நான் வேகமாகப் போய்விட்டேன். "ஐயா, நில்லுங்க. விழல, திரும்பச் சொல்லுங்க" என்றாள், தயக்கமே இல்லாமல்.

வகுப்பறையில் முப்பது வருடம், "புரியலைன்னா கேளுங்க" என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் கேட்காமலே உட்கார்ந்திருந்தார்களோ! ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகளே, பிள்ளை தப்பாகச் சொன்னால், திட்டுவதற்கு முன் நாம் சொன்னது அதன் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10. மறுபடி சொல்கிறேன், 1806.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உங்கள் வரலாற்று வாத்தியார்