இரண்டு கிளைசின் விட்டுப்போன தடம்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சில கற்களில் சிப்பி இருக்காது, அதன் அச்சு மட்டும் பதிந்திருக்கும். அதை வைத்தே இங்கே கடல் இருந்தது என்கிறார்கள். நம் செல்லுக்குள்ளும் இதே மாதிரி ஒரு துப்பறியும் வேலை நடக்கிறது.

யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். இது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செல் அழித்துவிடும். இதைக் கண்டறிந்த சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டினால் ஆபத்து. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ், புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தின் மேலேயே இதை ஒட்ட வைத்து அழித்துவிடுகிறது!

சரி, எந்தப் புரதத்தில், எந்த இடத்தில் ஒட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிரிப்சின் என்ற நொதியால் வெட்டினால் யுபிக்விட்டினும் துண்டுதுண்டாகிவிடும். ஆனால் அதன் வால் நுனியில் உள்ள இரண்டு கிளைசின் மட்டும், ஒட்டியிருந்த லைசினிலேயே தங்கிவிடும். சிப்பி போய் அச்சு நிற்கிற கதைதான். 2003இல் ஈஸ்டில் இந்த அச்சைத் தேடி 110 இடங்களைக் கண்டார்கள். அதற்கு ஈஸ்டின் யுபிக்விட்டினையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நோயாளியின் திசுவில் அது நடக்குமா?

2010இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சூ, பெய்ஜ், ஜாஃப்ரி மூவரும் வழி கண்டார்கள். அந்த இரட்டைக் கிளைசின் லைசினை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கினார்கள். தூண்டில் போட்டாயிற்று. மனித செல்களில் 236 புரதங்களில் 374 இடங்கள் சிக்கின. 92 சதவீதம் அதுவரை யாரும் சொல்லாதவை. அடுத்த வருஷமே வேறொரு குழு, இதே வகை ஆன்டிபாடியால் சுமார் 19,000 இடங்களைப் பட்டியலிட்டது.

காமர்ஸ்காரனுக்கு உறுத்துகிற விஷயம் வேறு. மோனோகுளோனல் ஆன்டிபாடி செய்யும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காப்புரிமை எடுக்கவே இல்லை! இன்று அது பல ஆயிரம் கோடி வியாபாரம்.

ஒரு குறையும் உண்டு. நெட்8, ஐ.எஸ்.ஜி.15 என்ற புரதங்களும் வெட்டிய பிறகு அதே இரண்டு கிளைசினைத்தான் விட்டுப்போகும். எது யாருடைய அச்சு என்று அந்த ஆன்டிபாடிக்குத் தெரியாது. 2018இல் டென்மார்க் குழு ஒன்று வேறு நொதியால் வெட்டி, 13 அமினோ அமில நீளத்துக்கு யுபிக்விட்டினின் வாலை மிச்சம் வைத்தது. அந்த வாலைப் பிடிக்கும் புது ஆன்டிபாடியையும் செய்தது. இந்த முறை 63,000க்கு மேல் இடங்கள்.