சோழவரத்துத் தேர்த்தச்சர்கள்



தமிழ் படித்தவன் கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் ஒரு மாணவர். பெண்ணாடத்தில், விருத்தாசலம் சாலையோரம் அவருக்கு ஒரு பட்டறை உண்டு. கரும்பு ஏற்றும் டிராக்டர்களும் டிரெய்லர்களுமே அங்கு வழக்கமாக வந்து நிற்கும். சென்ற மாசியில் ஒரு மாலை உள்ளே நுழைந்தபோது ஒரு பழைய மாருதி 800 வெறும் கூடாக நின்றுகொண்டிருந்தது. பின்னிருக்கை இல்லை, தரைவிரிப்பு இல்லை, கதவுகளின் உள்பலகைகள் சுவரோரம் சாத்தியிருந்தன.

"என்னப்பா, காயலான் கடைக்குப் போகிறதா?" என்றேன்.

"இல்லீங்கய்யா. டிராக்குல ஓட்டத் தயார் பண்றேன். ஒரு பார்ட்டி கொடுத்திருக்காங்க. இனி இது ரோட்டுக்கு வராது." சற்றுத் தயங்கிப் பின் சொன்னார்: "இது பணக்காரங்க விளையாட்டு, உனக்கு எதுக்குன்னு அப்பா சத்தம் போடுறாருங்கய்யா."

அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தமிழகத்துக் கார்ப் பந்தயத்தின் தொட்டில் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த அந்தத் தளத்தை, 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத் திடலாக்கிக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட தடம் 1990-இல் திறக்கப்படும் வரை, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் போட்டியாளர்கள் இங்கேதான் கூடினர். விஜய் மல்லையா 1980களில் என்சைன் என்னும் ஃபார்முலா ஒன் காரைக் கொணர்ந்து ஓட்டியதும் இத்தளத்தில்தான். ஆதலால் அந்தத் தந்தை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் அது பாதி உண்மையே. அந்நாளில் வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது எளிதன்று; சட்டமும் வரியும் குறுக்கே நின்றன. சந்தையில் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட் 1100, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகிய மூன்றே. மணமக்களைச் சுமந்த கார், மருத்துவர் வீட்டு வாசலில் நின்ற கார், வாடகைக்கு ஓடிய கார் எல்லாம் இவைதாம். பந்தயத்தில் ஓட விரும்பியவருள் மிகப் பலருக்கு இவற்றுள் ஒன்றை அறுத்தும் குறைத்தும் இழைத்தும் கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இல்லாமையே இந்தக் கலையின் முதல் ஆசிரியர்.

ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாக இடம் கொடுத்தது. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. மேலுடலைக் கழற்றிவிட்டு எடை குறைந்த வேறோர் உடலைப் பொருத்தலாம். ஃபியட்டில் உடலும் சேசிஸும் ஒன்றே. எனவே உடலைப் பேணிக்கொண்டு, அதன் 1,089 சி.சி. எஞ்சினிடம் வித்தையைக் காட்டவேண்டும். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்துப் பட்டறையில் சிறிதளவு சீவினால் எரியறை சுருங்கும், அமுக்கம் கூடும், வலிமை ஏறும். ஒரு மயிரிழை அதிகமாகச் சீவினாலோ பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் துளைத்துவிடும். காற்று செல்லும் வழியைத் தேய்த்து அகலமாக்குதல், கார்ப்பரேட்டர் ஜெட்டை மாற்றுதல், சுழலும் உறுப்புகளை எடை பார்த்துச் சமன் செய்தல் என வேலை நீளும்.

ஒரே நாளில் எட்டுத் தேர்களை முடிக்க வல்ல தச்சன், ஒரு மாதம் முழுதும் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்திற்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டு அது. வகுப்பில் அதனைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஊருக்கான தேருக்கும் போருக்கான தேருக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை, செலுத்திய பொழுதில் உள்ளது என்பது அந்தப் பட்டறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இது நமக்கு மட்டும் உரிய கதையும் அன்று. 1946-இல் இங்கிலாந்தில் கூப்பர் தந்தையும் மகனும் இரண்டு சிறிய ஃபியட் கார்களின் முன்பகுதிகளை இணைத்து, ஓட்டுநருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்தனர். காலின் சாப்மனின் முதல் லோட்டஸ், பழைய ஆஸ்டின் செவனிலிருந்து 1948-இல் பிறந்தது. அந்தக் கூப்பரும் லோட்டஸும் பின்னாளில் உலகப் பட்டங்களை வென்றன.

நம் மண்ணில் இதற்கு ஒப்பான பாய்ச்சல் கோவையில் நிகழ்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி.; எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டாக முன்பக்கம் குறுக்கே அமர்ந்திருக்கும். அந்தக் கட்டை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் உயிர்ப்பகுதி ஆயத்தம். இவ்வழியில் ஃபார்முலா மாருதியை 1980களின் இறுதியில் உருவாக்கியவர் எஸ். கரிவரதன். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்து, தாமே பந்தயங்களில் ஓட்டியவர். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் காரொன்றைத் தமக்கென வாங்கியிருக்கலாம். மாறாக, பிறரும் வாங்கக்கூடிய காரைச் செய்தார். எஞ்சின் பழுதானால் உதிரிப்பாகம் பக்கத்து ஊர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணப்பையின் கனத்தைவிட ஓட்டுநரின் கைத்திறன் முன்னே வந்தது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது இவ்வகைக் காரில்தான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் ஊர்தோறும் உண்டு. என் மாணவர் கணக்கொன்று சொன்னார். வண்டி சுமார் 650 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ. கழற்றியதும் புதிதாய்ப் பொருத்தியதும் போக 50 கிலோ குறைந்தாலே எஞ்சின் வலிமை நூற்றுக்கு ஏழு கூடியதற்குச் சமம். செலவு, ஸ்பேனர் பிடித்த கையின் உழைப்பு மட்டுமே. மிச்சமாகும் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது: கவிழ்ந்தால் உயிர் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் வார், தீயணைப்பான், நல்ல பிரேக், நல்ல டயர். அதற்குப் பிறகே எஞ்சின். "வேகம் அப்புறங்கய்யா, மொதல்ல ஆளு வீட்டுக்குப் போகணும்" என்றார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கூண்டும் இன்றி, தடத்திற்கான காரை நெடுஞ்சாலையில் விரட்டும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அது பந்தயமும் அன்று, வீரமும் அன்று.

நம் ஊர்ப் பிரளயகாலேசுவரர் கோயிலின் கருவறை விமானம் துயிலும் யானையின் பின்புறம் போல வளைந்து நிற்கும். தூங்கானை மாடம் என்பர். தமிழ்நாட்டுக் கோயில்களில் நிலம் தந்தவர் பெயரும் விளக்கு வைத்தவர் பெயரும் கல்லில் நிற்கும். உளி பிடித்தவர் பெயர் அரிதாகவே கிட்டும். சோழவரத்திலும் அவ்வாறே. வென்றவர் பெயர் கோப்பையில் நின்றது. ஹெட்டைச் சீவிய லேத்துக்காரர், இரவெல்லாம் கண் விழித்து வெல்டிங் செய்தவர், ஜெட் மாற்றி எஞ்சினின் ஒலியைச் செவியாலேயே அளந்த மெக்கானிக், இவர்களின் பெயர்கள் எக்கோப்பையிலும் இல்லை. பணக்காரர் விளையாட்டு என்னும் எண்ணம் வேர்கொண்டதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்பேன். விளையாடியவர் சிலர் செல்வர்; விளையாட்டைச் செய்தவர் பலர் தொழிலாளர்.

சில நாட்கள் கழித்து இதனை அந்தத் தந்தையிடமே சொன்னேன். அவர் உடனே ஒப்பிவிடவில்லை. "கரும்பு சீசன் வேலை கெடாம இருந்தா சரிங்க, சார்" என்றார். அதுவும் நியாயமே. மாணவருக்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தேன். எந்த நாளில் எதைக் கழற்றினார், எவ்வளவு சீவினார், உடன் உழைத்தவர் யார் என எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் லேத்துக்காரர் பெயர் ஏறிவிட்டது.