லயத்து வீடும் வாடகை வீடும்



நம் பாட்டன்மார் வாழ்ந்த லயத்து வீட்டுக்கு வாடகைச் சீட்டு இருந்ததா? இல்லை. கங்காணி ஆள் கட்டி வந்தார். தோட்ட நிர்வாகம் வீடு கொடுத்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னும் இந்த வழக்கம் மாறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. முப்பது ஆண்டு பால்மரம் சீவியவருக்கும் அந்த வீட்டில் உரிமை கிடையாது.

இதன் கொடுமை, 1957இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் நன்கு வெளிப்பட்டது. வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். வேலையிழந்த குடும்பங்கள் வீட்டையும் இழந்தன. இந்நிலை கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தனர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன. ஆனால் வேலையையும் வீட்டையும் பிணைத்த முடிச்சு அவிழவில்லை.

ரப்பர் குறைந்து செம்பனையும் தாமான்களும் பெருகியபோது, நம்மவர் பலர் பட்டணத்தில் வாடகை வீடு எடுத்தனர். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களில் குடியிருந்தோருக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. அதுவும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு காவல் நிற்கிறது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகவே அவரை வெளியேற்றலாம். தாமே பூட்டுப் போட முடியாது. 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

வீட்டை விட்டு வந்த பிறகு எழும் சண்டையோ முன்பணத்தைப் பற்றியது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருந்தது. வீடு மாறியபோது, சுவர் கெட்டுவிட்டதென்று வீட்டுக்காரர் பணத்தைத் தர மறுத்துவிட்டார். அந்தக் குடும்பத்திடம் ரசீது இல்லை. குடிபுகுந்த நாளில் சுவர் எப்படி இருந்தது என்பதற்கும் சான்று இல்லை. லயத்தில் வாய்ச்சொல்லை நம்பி வாழ்ந்த பழக்கம் பட்டணத்தில் அவர்களை ஏமாற்றிவிட்டது.

ஆகவே, முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். குடிபுகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் வீட்டின் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பேசித் தீராவிட்டால், 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நாமே கொண்டுசெல்ல வழி உண்டு.

நம் பாட்டன்மார் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நம் பிள்ளைகள் கையில் அது இருக்கட்டும்.