ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர்

பாரிஸிலிருந்து மார்சேய் சுமார் 800 கி.மீ. இரண்டு ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1970-ல் முழுசாகத் திறக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பேர் ‘சூரிய நெடுஞ்சாலை’. கோடை விடுமுறை வந்தால் வடக்கே இருப்பவர்கள் வெயிலையும் கடலையும் தேடிக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகிற சாலை அது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் மார்சேய் போய்விடலாம்.

1982-ல் ஒரு கணவனும் மனைவியும் இந்தத் தூரத்தை 33 நாளில் கடந்தார்கள். வழி தவறியதாலோ வண்டி ரிப்பேர் ஆனதாலோ இல்லை, வேண்டுமென்றேதான்.

கணவர் ஹூலியோ கொர்த்தாஸார். 1951-லிருந்து பாரிஸில் வாழ்ந்த அர்ஜென்டினா எழுத்தாளர். அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படம் பார்த்தவர்கள் இருந்தால், அதற்குத் தூண்டுதலான சிறுகதை இவருடையதுதான். மனைவி கரோல் டன்லப். அமெரிக்காவில் பிறந்து கனடாவில் குடியேறியவர், எழுத்தாளர், புகைப்படக்காரர். இவருக்கு 36 வயசு, அவருக்கு 67. வண்டி, சிவப்பு நிற ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன். பேர் ஃபாஃப்னர். வாக்னரின் ஓபராவில் தங்கத்தைக் காவல் காக்கும் டிராகனின் பேர் அது. கொர்த்தாஸார் ஆறடிக்கும் மேலான உயரம். அந்த ஆளை ஒரு வேனுக்குள் ஒரு மாசம் கற்பனை பண்ணிப் பாருங்க.

கிளம்பும் முன்னாடியே சில விதிகள் போட்டுக்கொண்டார்கள். ஒன்று, மார்சேய் சேரும்வரை நெடுஞ்சாலையை விட்டு இறங்கக்கூடாது. இரண்டு, வழியில் உள்ள ஓய்விடம் எதையும் தவறவிடக்கூடாது. நாளைக்கு இரண்டு, இரண்டாவதில் ராத்தங்கல். மூன்று, ஒவ்வொன்றையும் ‘விஞ்ஞானபூர்வமாக’ ஆராய்ந்து குறிப்பெடுக்க வேண்டும். நான்கு, பழைய கடலோடிகளின் பயண நூல்கள் மாதிரி கடைசியில் ஒரு புத்தகம் எழுத வேண்டும்.

மொத்தம் 65 ஓய்விடம். இரண்டால் வகுத்தால் முப்பத்திரண்டரை, ஆக 33 நாள். சராசரியாக 12 கி.மீ.க்கு ஒரு ஓய்விடம், நாளைக்கு 24 கி.மீ. கார் அந்த வேகத்தில் போனால் தினமும் கால் மணி நேரம்கூட ஓடாது. நடந்து போகிற ஆளே அவ்வளவு தூரம் போய்விடுவார். வேகத்துக்காகவே கட்டின சாலையில் இவர்கள் நடைப்பயணம் போனார்கள், வேனில் உட்கார்ந்துகொண்டு.

ஒரு சிக்கல் இருந்தது. அது சுங்கச் சாலை. நுழையும்போது சீட்டு எடுக்கணும், வெளியேறும்போது காசு கட்டணும். ஒரு மாசம் வெளியே வராமல் உள்ளேயே கிடந்தால்? நெடுஞ்சாலையை நடத்துகிறவர்களுக்கு விஷயத்தை விளக்கி, அனுமதி கேட்டுக் கடிதம் போட்டார்கள். பதில் இல்லை. மே மாசக் கடைசியில் கிளம்பிவிட்டார்கள்.

இனி ஏற்ற இறக்கம். ஓய்விடம் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிலவற்றில் நல்ல மரங்கள், பின்னால் சின்னக் காடு. சிலவற்றில் வெறும் தார்த்தரை, ஒரு கழிவறை, நிழலுக்கு ஒரு செடி கிடையாது. முந்தின இடம் சொர்க்கமாக இருந்தாலும் அங்கேயே தங்க விதி அனுமதிக்காது. இரண்டாவதாக வருகிற இடம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் ராத்திரி அங்கேதான். ஜூன் வெயிலில் தெற்கே போகப் போக, வேனுக்கு நிழல் பிடிப்பதே அன்றாட வேலையாகிவிட்டது. ராத்திரியில் லாரிச் சத்தம். சாப்பாட்டுக்கு டப்பா உணவு. நடுநடுவே நண்பர்கள் காய்கறி, பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில ஓய்விடங்களில் ஓட்டலும் மோட்டலும் உண்டு. அங்கே சுடச்சுடச் சாப்பாடு, நல்ல குளியல். அந்தச் சலுகையை விதியிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார்கள், விவரமான ஆட்கள்.

மத்த நேரத்தில்? கண்ணைக் கூசும் பூப்போட்ட மடக்கு நாற்காலி இரண்டு இருந்தன. அதை மர நிழலில் விரித்துப்போட்டு படிப்பார்கள், டைப்ரைட்டரில் தட்டுவார்கள், காதல் பண்ணுவார்கள். ஒருவருக்கொருவர் ‘ஓநாய்’, ‘குட்டிக் கரடி’. பயணக் குறிப்பு நம்ம சர்வர் லாக் மாதிரியே இருக்கும்: நேரம், வெப்பம் எத்தனை டிகிரி, என்ன சாப்பாடு, ஃபாஃப்னரின் முகம் எந்தத் திசையைப் பார்த்து நின்றது. இத்தனையும் முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுதிய நக்கல். உளவாளிகள் தங்களைப் பின்தொடர்வதாக ஒரு கதை வேறு கட்டிக்கொண்டார்கள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1966-ல் கொர்த்தாஸார் ‘தெற்கு நெடுஞ்சாலை’ என்று ஒரு சிறுகதை எழுதினார். பாரிஸுக்குத் திரும்பும் வழியில், இதே சாலையில், ஒரு டிராஃபிக் ஜாம். மணிக்கணக்கு நாள்கணக்காகிறது, பருவமே மாறுகிறது. ஜனங்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் பங்கு போடுகிறார்கள். ஒரு என்ஜினியருக்கும் பக்கத்துக் காரில் இருந்த பெண்ணுக்கும் காதல். திடீரென்று ஜாம் விலகுகிறது, கார்கள் வேகம் பிடிக்கின்றன. அந்தப் பெண்ணின் கார் வேறு வரிசையில் போய் மறைந்துவிடுகிறது. நின்றபோது சேர்ந்தவர்களை வேகம் பிரித்துவிடுகிறது. 16 வருஷம் கழித்து, அதே சாலையில், தன் பெண்ணோடு வேகத்தைத் தவிர்த்துக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன்.

பயணம் முடிந்து இருவரும் நிகராகுவா போனார்கள். அங்கே கரோலின் உடல்நிலை கெட்டது. 1982 நவம்பர் 2-ஆம் தேதி பாரிஸில் இறந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய குறிப்புகளை வைத்து கொர்த்தாஸார் தனியாகப் புத்தகத்தை முடித்தார். ‘காஸ்மோபாதையின் ஆட்டோநாட்டுகள்’ என்று தலைப்பை மாற்றிச் சொல்லலாம், அஸ்ட்ரோநாட் என்பதை வைத்துப் பண்ணின வார்த்தை விளையாட்டு. 1983-ல் வந்தது. உள்ளே கரோலின் மகன் வரைந்த வரைபடங்கள். ராயல்டியை நிகராகுவா மக்களுக்கு எழுதிக்கொடுத்தார். 1984 பிப்ரவரி 12-ல் அவரும் போய்விட்டார். பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறையில் இருவருக்கும் ஒரே சமாதி.

இந்த முடிவு தெரிந்த பிறகு, ‘சாகப்போவது தெரிந்து போன கடைசிப் பயணம்’ என்று சொல்லிவிடத் தோன்றும். உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் காலவரிசை ஒத்துவரவில்லை. கொர்த்தாஸார் கடும் ரத்தப்போக்கால் ஆஸ்பத்திரியில் படுத்தது 1981-ல். இந்தப் பயணத்தின் யோசனையோ அதற்கும் சில வருஷம் முன்னாடியே பிறந்தது, தள்ளித்தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. முதலில் திட்டம் போட்டபோது அது இரண்டு பேரின் குறும்பு, அவ்வளவுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். சாவு நெருங்குவது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிதானமாகி, பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இவர்களோ அப்படி ஒரு காரணமும் தேவைப்படாமல், இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே, ஒரு மாசத்தை இப்படிச் ‘செலவழிக்க’த் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போட 1982-லும் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அந்த வருஷமும் தள்ளிப்போட்டிருந்தால் 33 நாளும் கிடைத்திருக்காது.